சிவப்பு ஒயின் வாங்கும் முன்: விலைச்சீட்டு சொல்லாததை நாக்கு சொல்லும்

செந்தூல் – பேரங்காடியின் மதுபான அடுக்கில் ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயினுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு போத்தல் ஐம்பது வெள்ளி. அதே அளவு, அதே நிறம், பக்கத்திலேயே இன்னொன்று நானூறு வெள்ளி. தீபாவளிப் பரிசுக் கூடைக்கோ, முதலாளி வீட்டு விருந்துக்கோ, திருமண விருந்தின் முதல் மேசைக்கோ வாங்க வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நடுவிலுள்ள விலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறார். எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார் என்றால், விலையை வைத்து. இல்லையென்றால் லேபலின் அழகை வைத்து.

இரண்டும் ஓரளவுக்குத்தான் உதவும். ‘பிரீமியம்’ என்ற சொல்லுக்கு ஆஸ்திரேலியாவிலும் சட்டப்படி ஒரு பொருள் கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். ஆனால் அதே லேபலில் பொய் சொல்ல முடியாத சில வரிகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கவும், ஊற்றிய பின் நாக்கால் சரிபார்க்கவும் தெரிந்தால் ஏமாற வேண்டியதில்லை.

குடிக்காதவர் குடிக்கத் தொடங்குவதற்காக எழுதப்பட்ட கட்டுரை அல்ல இது. மலேசியத் தமிழர்களுக்கும் மதுவுக்கும் இடையிலான கணக்கு இன்னும் தீரவில்லை. தோட்டத்தில் வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதி அந்தத் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிப் போன காலத்தில், 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடிப்பது என்று முடிவெடுத்தவருக்கு, கையிலிருப்பது என்ன, எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டியது அந்த வரலாற்றினால்தான். இந்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது என்பதும் சட்டம். 2017 டிசம்பருக்கு முன் அது 18ஆக இருந்தது.

கள் தெரிந்தவருக்கு ஒயின் புதிதல்ல

தோட்டத்து முதியவர்களில் பலர் ஒரு வாய் கள்ளைக் குடித்தவுடனே அது காலையில் இறக்கியதா, நேற்றைய மிச்சமா, தண்ணீர் கலந்ததா என்று சொல்லிவிடுவார்கள். அது ஒரு கல்வி. ஒயின் சுவைப்பவர் செய்வதும் ஏறக்குறைய அதுவே, பெயர்கள்தான் வேறு.

தென்னம்பாளையிலிருந்து சொட்டும் இனிப்பு நீர் பானையில் விழும்போதே காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட் அதைப் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது, நுரை எழுகிறது. சில மணி நேரத்தில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு ஆல்கஹால் சேரும். ஒரு நாள் தாண்டினால் புளித்துக் காடியாகப் போகும். திராட்சைச் சாற்றில் நடப்பதும் இதே வேலைதான். ஆனால் திராட்சையில் சர்க்கரை அதிகம் என்பதால் ஆல்கஹால் 13, 14, சில வேளை 15 விழுக்காடு வரை ஏறுகிறது. கள்ளுக்கு ஒரு நாள் ஆயுள் என்றால், நல்ல சிவப்பு ஒயினுக்கு இருபது, முப்பது ஆண்டுகள்கூட உண்டு.

அந்த ஆயுளைக் கொடுப்பது பழத்தின் தோல். பெரும்பாலான கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் வரும் சாறு நிறமற்றது. தோலோடும் கொட்டையோடும் சேர்த்து நாள் கணக்கில் ஊறவைத்துப் புளிக்கச் செய்வதால்தான் சிவப்பு நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. விலை கூடியவற்றை ஓக் மரப் பீப்பாயில் மாதக் கணக்கில் வைப்பார்கள். அந்த மரத்திலிருந்தும் கொஞ்சம் துவர்ப்பும், வனிலா, தேங்காய், புகை போன்ற மணங்களும் சேரும்.

இந்தத் துவர்ப்பு நமக்கு நன்றாகத் தெரிந்தது. பால் ஊற்றாமல் கடுமையாகப் போட்ட தேயிலை, வாழைப்பூ, நாவல்பழம், கொட்டைப்பாக்கு. எல்லாவற்றிலும் இருப்பது டானின் வகைப் பொருள்களே. அவை எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் உலர்ந்து, ஈறு இழுப்பது போலிருக்கும். அறிவியல் இதைச் சுவை என்று கணக்கிடுவதில்லை, ஒரு தொடு உணர்வு என்கிறது. நம் முன்னோர் அறுசுவையில் ஒன்றாகவே வைத்துவிட்டார்கள். ஒயின் புத்தகத்தில் பக்கம் பக்கமாக விளக்குவதை வெற்றிலை போட்ட ஒரு பாட்டி ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்.

எப்படிச் சுவைப்பது

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். மேலேயுள்ள இடம் மணத்துக்கு. மெல்லச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். பிறகு ஒரு சிறு வாய் எடுத்து, உடனே விழுங்காமல், நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி சில நொடிகள் வைத்திருங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கெட்டுப்போயிருக்கிறதா? நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த துணி போல வாடை வந்தால் தக்கையிலிருந்து வந்த கோளாறு. காடி வாடை வந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. பழத்தின் புத்துணர்ச்சி இல்லாமல் அடிப்பிடித்த ஜாம் போல் மணத்தால் எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது. நம் நாட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த மூன்றாவது.

கெடவில்லை என்றால் அடுத்து நான்கைக் கவனிக்கலாம். கீழ்த்தாடையின் ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறு உலர்ந்தால் துவர்ப்பு. தொண்டையில் சூடு ஏறினால் ஆல்கஹால். தண்ணீர் போலிருக்கிறதா, பால் போலக் கனமாக இருக்கிறதா என்பது உடல். இந்த நான்கில் எதுவும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் இருந்தால் அது நன்றாகச் செய்த ஒயின். நல்ல ரசத்துக்கும் அப்படித்தான் சொல்வோம், புளியும் மிளகும் உப்பும் தனித்தனியாகத் தெரியக் கூடாது என்று.

கடைசியாக, விழுங்கிய பின் மணமும் சுவையும் வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். மூன்று நான்கு எண்ணுவதற்குள் மறைந்தால் அது சாதாரணம். பத்து, பதினைந்து எண்ணிய பிறகும் தங்கினால் கொடுத்த காசுக்கு ஏதோ வந்திருக்கிறது. லேபலை மறைத்துவிட்டுக்கூடச் செய்யக்கூடிய சோதனை இது.

இனிப்பைப் பற்றி ஒரு சொல். ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின்களில் பெரும்பாலானவற்றில் சர்க்கரை ஏறக்குறைய இல்லை. நன்கு பழுத்த பழத்தின் மணத்தை மூளை இனிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தால் அந்த இனிப்பு காணாமல் போகும்.

லேபலில் பொய் சொல்ல முடியாத வரிகள்

ஆஸ்திரேலியச் சட்டப்படி, ஒரு திராட்சை வகையின் பெயரை மட்டும் போட்டால் உள்ளே குறைந்தது 85 விழுக்காடு அந்த வகை இருக்க வேண்டும். ஒரு வட்டாரத்தின் பெயரைப் போட்டால் 85 விழுக்காடு அந்த வட்டாரத்துப் பழமாக இருக்க வேண்டும். ஆண்டைப் போட்டால் அதற்கும் அதே கணக்கு. இவற்றோடு ஆல்கஹால் விழுக்காடு. இந்த நான்கைப் படித்தாலே போத்தலைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

‘சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா’ என்று எழுதியிருந்தால் அது ஒரு வட்டாரமே அல்ல. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தாஸ்மேனியா முழுவதும், குவீன்ஸ்லாந்தின் ஒரு பகுதி, சவுத் ஆஸ்திரேலியாவின் ஒரு பகுதி என்று பரந்த நிலப்பரப்பு அது. எங்கிருந்து வந்த பழமும் அதற்குள் அடங்கும். விலை மலிவான போத்தல்களில் இதை அதிகம் பார்க்கலாம். மோசம் என்று பொருளல்ல. அதற்கு நூற்றைம்பது வெள்ளி கேட்டால் மட்டும் யோசிக்க வேண்டும்.

மாறாக ‘பரோசா வேலி’ என்றிருந்தால் அடிலெய்டுக்கு வடகிழக்கேயுள்ள ஒரு வெப்பமான பள்ளத்தாக்கு. ஷிராஸ் என்ற திராட்சைக்குப் பெயர்போனது. கறுப்புப் பிளம், சாக்லேட் மணம், கனமான உடல், 14 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால். ‘கூனவாரா’ என்றால் சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்த செம்மண், அதில் கேபர்னே சோவின்யோன். துவர்ப்பு தூக்கல், புதினா போன்ற ஒரு மணம். ‘மார்கரெட் ரிவர்’ மேற்கே இருக்கிறது, பெர்த் நகரிலிருந்து தெற்கே மூன்று மணி நேரக் கார்ப் பயணம். மகனோ மகளோ பெர்த்தில் படிக்கும் குடும்பங்கள் பல அந்தப் பக்கம் போய் வந்திருக்கும். அங்கேயும் கேபர்னேதான் முதன்மை, ஆனால் கொஞ்சம் மென்மை கூடும். துவர்ப்பே பிடிக்காதவர் மெக்லாரன் வேல் வட்டாரத்துக் கிரெனாஷ், யாரா வேலி அல்லது தாஸ்மேனியாவின் பினோ நுவார் என்று தேடலாம்.

‘ரிசர்வ்’, ‘லிமிடட் ரிலீஸ்’, ‘வின்மேக்கர்ஸ் செலக்‌ஷன்’ ஆகியவை எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாத அலங்காரம். தங்கப் பதக்க ஸ்டிக்கரைப் பார்த்தால் எந்தப் போட்டி, எந்த ஆண்டு என்று படியுங்கள். எழுத்தைவிடப் பதக்கம் பெரிதாக இருந்தால் சந்தேகப்படுவதில் தவறில்லை.

‘ஓல்ட் வைன்’, அதாவது முதிய கொடி என்பது கொஞ்சம் வேறு. நாட்டுச் சட்டத்தில் அதற்கும் வரையறை இல்லை. ஆனால் பரோசா வட்டாரத்தார் 2009இல் தாங்களே ஒரு வகைப்பாட்டை ஏற்படுத்திக்கொண்டார்கள். 35 ஆண்டு தாண்டினால் முதிய கொடி, 70 தாண்டினால் தப்பிப் பிழைத்தது, 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினால் மூதாதைக் கொடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாக்செரா என்ற நுண்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது. சவுத் ஆஸ்திரேலியாவுக்குள் அது நுழையவில்லை. அதனால் 1840களில் நட்ட சில கொடிகள் பரோசாவில் இன்றும் காய்க்கின்றன.

பால்மரம் வெட்டிய குடும்பத்தாருக்கு இது வேடிக்கையாக இருக்கும். ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டு ஆனால் பால் குறைந்துவிட்டது என்று சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். திராட்சைக் கொடிக்கும் வயதானால் காய்ப்பு குறைகிறது. ஆனால் குறைவாகக் காய்த்த பழத்தில் சாரம் கூடுதல் என்று சொல்லி அதற்குத்தான் அதிக விலை வைக்கிறார்கள்.

ஒரு போத்தலின் கதை

ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற சிவப்பு ஒயின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் கிரேஞ்ச். இந்நிறுவனத்தை 1844இல் அடிலெய்டு அருகே மெகில் என்ற இடத்தில் தொடங்கியவர் கிறிஸ்டபர் ராசன் பென்ஃபோல்ட் என்ற மருத்துவர். நூறு ஆண்டு கழித்து அங்கே தலைமை ஒயின் தயாரிப்பாளராக இருந்த மேக்ஸ் ஷூபர்ட், 1950இல் ஐரோப்பாவுக்குப் போனார். பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் பல பத்தாண்டுகள் தாங்கும் ஒயினைப் பார்த்துவிட்டு, அதுபோல ஒன்றைத் தம் ஊர் ஷிராஸ் பழத்தில் செய்ய முயன்றார். 1951இல் முதல் சோதனை.

சில ஆண்டுகள் கழித்து மேலிடத்தாருக்கும் ஒயின் அறிந்தவர்களுக்கும் சுவைக்கக் கொடுத்தபோது யாருக்கும் பிடிக்கவில்லை. கடும் துவர்ப்பு, முரட்டுச் சுவை. 1957இல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. ஷூபர்ட் நிறுத்தவில்லை. 1957, 1958, 1959 மூன்று ஆண்டும் நிர்வாகத்துக்குத் தெரியாமல் செய்து மெகில் நிலவறையில் மறைத்து வைத்தார். அதற்குள் தொடக்க ஆண்டுப் போத்தல்கள் முதிர்ந்து துவர்ப்பு அடங்கிவிட்டன. மீண்டும் சுவைத்தவர்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். 1960இல் மறுபடி அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. முன்பு ஏளனம் செய்யப்பட்ட வரிசையைச் சேர்ந்த 1955ஆம் ஆண்டு கிரேஞ்ச் பின்னாளில் போட்டிகளில் தங்கப் பதக்கமாகக் குவித்தது.

விலை உயர்ந்த சிவப்பு ஒயின் என்றால் இன்றிரவே திறந்ததும் இனிக்கும் என்று நினைக்கக் கூடாது. அது பெரும்பாலும் வைத்துக் குடிப்பதற்காகச் செய்தது. இளம் வயதில் திறந்தால் அதைவிடப் பல மடங்கு மலிவான ஒன்று அதிகம் பிடித்துப் போகலாம். அப்படிப் பிடித்தால் சுவைத்தவரின் நாக்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

கிரேஞ்ச் ஒரே வட்டாரத்துப் பழத்தால் ஆனதும் அல்ல. பல இடத்துப் பழத்தைக் கலந்து, லேபலில் ‘சவுத் ஆஸ்திரேலியா’ என்று மட்டும் போடுவார்கள். சிறிய வட்டாரத்தின் பெயர் இருந்தால் தரம் கூடுதல் என்ற விதியை நாட்டின் முதல் போத்தலே மீறுகிறது. அதற்கு நேரெதிர் ஹென்ஷ்கி குடும்பத்தாரின் ‘ஹில் ஆஃப் கிரேஸ்’. ஒரே ஒரு தோட்டம், 1860களில் நட்ட கொடிகள் இன்னும் அதில் நிற்கின்றன.

பென்ஃபோல்ட்ஸ் என்றதும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி ‘பின்’ எண்ணைப் பற்றியது. எண் பெரிதானால் தரம் கூடுமா? கூடாது. நிலவறையில் எந்த இடத்தில் அடுக்கினார்கள் என்பதைக் குறிக்க வந்த எண்கள் அவை. கிரேஞ்சின் எண் 95தான். 389 என்பது கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது. முந்தைய கிரேஞ்ச் இருந்த பீப்பாய்களில் ஒரு பகுதியை வைத்து முதிர்ப்பதால் ‘குட்டி கிரேஞ்ச்’ என்று செல்லப் பெயர். 707 என்பது போயிங் விமானத்தின் எண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது. எண் ஜோதிடம் பார்ப்பவர்கள் ஏமாற்றமடையலாம்.

எந்த விலையில் நிற்பது

2016 மார்ச் முதல் இந்நாட்டில் ஒயினுக்கான கலால் வரி போத்தலின் விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை, உள்ளேயுள்ள ஆல்கஹாலின் அளவைப் பார்த்தே போடப்படுகிறது. (விற்பனை வரி விலையோடு ஏறும், அது தனி.) ஐம்பது வெள்ளிப் போத்தலும் ஐந்நூறு வெள்ளிப் போத்தலும் ஒரே 14 விழுக்காடு என்றால் இரண்டுக்கும் கலால் ஒன்றே. கண்ணாடிக்கும் கப்பல் கூலிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே மிக மலிவான போத்தலில் ஒயினுக்காகக் கொடுக்கும் பணம் சொற்பம். கொஞ்சம் மேலே போனால், கூட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியிலும் பெரும்பங்கு பழத்துக்கும் பீப்பாய்க்கும் போகிறது.

இன்னும் மேலே போனால் கதை மாறுகிறது. அங்கே விலையைத் தீர்மானிப்பது அரிதாகக் கிடைப்பதும் ஏலச் சந்தையும். ஆஸ்திரேலியாவின் லாங்டன்ஸ் என்ற ஏல நிறுவனம் 1990 முதல் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ஏலத்தில் தொடர்ந்து கிராக்கி உள்ள, குறைந்தது பத்து ஆண்டு அறுவடைச் சரித்திரம் உள்ள ஒயின்களுக்கே அதில் இடம். நகைச் சீட்டு போலச் சேர்த்து வைப்பவருக்கு அந்தப் பட்டியல் பயன்படும். சாப்பாட்டோடு குடிப்பவருக்கு நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலும் கீழுமான இடமே போதும். அதற்குள் பரோசாவும் கூனவாராவும் மெக்லாரன் வேலும் கிடைக்கும்.

எங்கே வாங்குகிறோம் என்பது என்ன வாங்குகிறோம் என்பதைவிட முக்கியமாகிவிடும் நாடு இது. சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ குடிக்க வேண்டும் என்று எழுதியவர்கள் குளிர்நாட்டு அறையை மனத்தில் வைத்து எழுதினார்கள். 16 முதல் 18 பாகைதான் அதன் அளவு. செந்தூல் அடுக்குமாடி வீட்டின் அறை 30 பாகை. ஆகவே ஊற்றுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் போத்தலைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். பலரும் இதை ஏதோ தவறு செய்வது போலத் தயங்கித் தயங்கிச் செய்கிறார்கள். தயங்கத் தேவையில்லை, சூடாகக் குடித்தால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும்.

கடையில் வெயில் படும் கண்ணாடி ஓரத்தில் அடுக்கிய போத்தலை எடுக்க வேண்டாம். தக்கை மேலெழும்பியோ, கழுத்தில் கசிந்த பிசுபிசுப்போ இருந்தால் அது வெந்துபோனது. இரவில் குளிர்சாதனத்தை நிறுத்திவிடும் கடையைவிட, விற்பனை வேகமாக நடக்கும் கடை மேல். திருகு மூடியைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று ஒதுக்கவும் வேண்டாம். தக்கைக் கோளாறிலிருந்து தப்பிக்க, 2000ஆம் ஆண்டில் கிளேர் வேலி வட்டாரத் தயாரிப்பாளர்கள் பலர் ஒன்றுசேர்ந்து தங்கள் வெள்ளை ஒயினுக்குத் திருகு மூடியைப் போட்டார்கள். அதன் பிறகு அது நாடெங்கும் பரவியது.

வாழை இலையில் எது எடுபடும்

காரமும் கடும் துவர்ப்பும் ஒத்துப்போகாது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் டானினும் ஊதிப் பெரிதாக்கும். சம்பலோடு கூனவாரா கேபர்னே என்பது இரண்டையும் வீணாக்குவது. புளி தூக்கலான மீன் குழம்போடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் இரும்பு வாடைதான் மிஞ்சும்.

ஆனால் மிளகு வேறு. குளிர்ச்சியான இடங்களில் விளையும் ஷிராஸில் மிளகு மணம் வருகிறதே, அது வெறும் உவமை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். மிளகுக்கு அந்த மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த மணமே தெரியாது என்பதும் அப்போது தெரிய வந்தது. மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டிய ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு ஷிராஸ் பொருந்துவது இதனால்தான். இறைச்சியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கிவிடும். காரமாகத்தான் சமைப்பேன் என்பவர் கிரெனாஷைக் கொஞ்சம் கூடுதலாகக் குளிரவைத்துக் கொடுக்கலாம்.

சைவம் கடைப்பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒயினைத் தெளியவைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கருவோ பால் புரதமோ மீனிலிருந்து எடுத்த பசையோ சேர்ப்பார்கள். ‘வீகன்’ என்று அச்சிட்ட போத்தலில் இவை எதுவும் இருக்காது.

‘ஒயின்தானே’ என்ற சொல்

விஸ்கி என்றால் தயங்கும் பல வீடுகளில் ஒயின் என்றால் அது மது இல்லை என்பது போல ஒரு நினைப்பு. கணக்கைப் பாருங்கள். 750 மில்லிலிட்டர் போத்தலில் 14 விழுக்காடு என்றால் 105 மில்லிலிட்டர் சுத்த ஆல்கஹால். 5 விழுக்காடுள்ள 320 மில்லிலிட்டர் பீர் டின்னில் 16 மில்லிலிட்டர். ஒரு போத்தல் ஒயின் ஆறரை டின் பீருக்குச் சமம். இருவர் பேசிக்கொண்டே ஒரு போத்தலை முடித்தால் ஆளுக்கு மூன்று டின்னுக்கு மேல் குடித்திருக்கிறார்கள்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று அனுப்பப்படும் தகவல்களையும் நம்பி வாங்க வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம், கல்லீரல் கோளாறு என்று மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கிளாஸும் தொடக் கூடாது. வாகனமோட்டிகளுக்கு 2020 அக்டோபர் முதல் வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டுத் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது.

சுவைப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் விழுங்குவதே இல்லை, துப்பிவிடுகிறார்கள். பக்கத்தில் அதற்கென்று ஒரு பாத்திரம் இருக்கும், தாத்தா வெற்றிலைக்கு வைத்திருந்த படிக்கம் போல. வீட்டில் செய்து பார்ப்பது கடினமல்ல. நண்பர்கள் நான்கைந்து பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு மூன்று வெவ்வேறு விலையில் மூன்று ஷிராஸ் வாங்குங்கள். சுவைப்பில் சேராத ஒருவர் அவற்றை நாளிதழால் சுற்றி 1, 2, 3 என்று எண் எழுதட்டும். ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். யாரும் பேசாமல் முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகு தாளைப் பிரிக்க வேண்டும். பேசத் தொடங்கினால் சத்தமாகப் பேசுபவரின் நாக்கே எல்லாருடைய நாக்காகிவிடும். மீந்ததை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கும் மேலானதை ஆட்டிறைச்சியை ஊறவைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.